தலைவி எடுத்துப்போன குரல்

பெயருக்குத்தான் தலைவி. அரசாங்கத்தின் பொருளாதார வளர்ச்சி ஆலோசனைக் குழுவில் பூர்வகுடிப் பெண்ணையே முதல் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டோம் என்று பேப்பரில் எல்லாம் கோரலின் படம் போட்டார்கள். மூன்று வருஷத்தில் அவள் கேட்டது எத்தனையோ. உருப்படியாகக் கிடைத்தது ஒன்றே ஒன்று. கூட்டத்தை ஊர்க்கடை டிவியில் நேரடியாகக் காட்டியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள், காட்டினார்கள். நம் பெயரைச் சொல்லிக்கொண்டு அங்கே போய் என்னத்தைக் கிழிக்கிறாள் என்று ஊரும் பார்க்கட்டுமே!

இப்போது சுரங்கத்துக்கு லாரிப் பாதை வருகிறது. நாலு பேருக்கு வேலை கிடைக்கும், வரட்டும் என்று முதலில் சொன்னவளே அவள்தான். ஆனால் வரைபடத்தைப் பார்த்தால் பாதை ஊரார் புனிதமாக வைத்திருக்கும் ஊற்றின் தலைமேலேயே ஏறிப் போனது. அந்த ஊற்று அவள் அண்ணனின் காவலில் இருந்தது. அதன் கதையை முழுக்கச் சொல்லும் உரிமை அவர் ஒருவருக்குத்தான் உண்டு. சொல்லி, செல்போனில் பதிவும் செய்து கொடுத்திருந்தார். ஏப்ரலில் செத்துப்போனார்.

செத்தவரின் பெயரை அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள், குரலையும் கேட்க மாட்டார்கள். கேட்டால் புறப்பட்ட உயிர் நின்றுவிடும். வீட்டுக்குப் புகை போட்டு, அவர் காலடித் தடமே இல்லாமல் மண்ணைப் பெருக்கிவிட்டு, சொந்தபந்தமெல்லாம் கடைக்குப் பின்னால் துக்கக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தது. அவர் மனைவி நங்கலா வழக்கப்படி வாய்ப்பேச்சை விட்டு எட்டு மாதம். எல்லாம் கைஜாடைதான்.

சாட்சி இல்லாமல் பாதையை நகர்த்த முடியாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். கூட்டத்துக்கு முந்தின நாள் கோரல் நங்கலா எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணி, ஊத்துக்கு சாட்சி கேக்குறாங்க. அண்ணன் பேசினது ஒண்ணுதான் இருக்கு. ஒரே ஒரு தடவை, அந்த ரூமுக்குள்ள மட்டும் போட்டுக்கட்டுமா?"

நங்கலா மடியிலிருந்த கையைத் தூக்கி ஒரு திருப்புத் திருப்பினாள். வேண்டாம்.

கோரலுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஊற்றே போன பிறகு அண்ணன் எங்கே போய் இருப்பாராம் என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் ஆலிஸ் நகரத்தில், கூட்ட அறையில், ஒளிபரப்பை நிறுத்துங்கள் என்று செயலரிடம் சொன்னாள். திரை கறுத்ததைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் செல்போனை அழுத்தினாள். பதினோரு நிமிஷம். ஐயோ, அதே குரல், அதே இருமல். ஊற்றைப் பற்றிச் சொல்லி முடித்து, கடைசியில் அண்ணன் மனைவியைக் கூப்பிட்டார்: "நங்கலா, டீ என்னாச்சு?" அது அதில் இருந்ததையே கோரல் மறந்திருந்தாள். முகத்தை மூடிக்கொண்டாள்.

செயலர், மிகவும் நெகிழ்ச்சியாக இருந்தது, குறிப்பில் சேர்த்துவிடலாம் என்றார். பாதைக்கு மந்திரி போன செவ்வாய்க்கிழமையே கையெழுத்துப் போட்டுவிட்டாராம். ஆலோசனை சொல்வது மட்டும்தானே குழுவின் வேலை.

"முன்னாடியே ஏன் சொல்லல?" என்றாள் கோரல்.

"நீங்க இவ்வளவு தூரம் கொண்டாந்திருக்கீங்க, மேடம். தடுக்க மனசு வரல."

பாவி. மனசாம்.

சாயங்காலம் ஊருக்குள் வண்டி நுழைந்தபோது கடை வாசலில் கூட்டம். யாரும் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. நிறுத்தியது படத்தை மட்டும்தானாம். சத்தம் ஸ்பீக்கரில் வந்துகொண்டே இருந்திருக்கிறது. காதைப் பொத்திக்கொண்டு எல்லாரும் ஓட, யாரோ திரும்பி வந்து ஒயரைப் பிடுங்குவதற்குள் டீ கேட்டது வரைக்கும் கொட்டகையில் கேட்டுவிட்டது.

நங்கலா தெருவில் தனியாக நின்றிருந்தாள். மத்தியானத்திலிருந்து அங்கேயேதான், கூப்பிட்டாலும் வரவில்லை என்றார்கள். கையில் தகர டீக்குவளை. டீ ஆறி ஏடு படிந்திருந்தது. வண்டி நின்றதும் ஜன்னலுக்கு ஓடிவந்து வாயைத் திறந்து பேசினாள். எட்டு மாதம் பேசாத குரல் கரகரத்தது.

"உங்கண்ணன் டீ கேட்டாருடி. உன் வண்டியிலதானே வர்றாரு?"

கோரல் இறங்கி, பின்கதவைத் திறந்து, காலி சீட்டைக் காட்டினாள்.