சென்னம்மாவின் இடத்தில் முதல் போணி

1

எங்கள் கம்பெனி ஆண்டு மலருக்கு ஓசூரின் அழகைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். 1988. ஆசையாகத்தான் உட்கார்ந்தேன்.

‘மலைமேல் சந்திரசூடேஸ்வரர், கீழே பழைய கடைத்தெரு, தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து…’ வேண்டாம், இது காலண்டருக்கு ஆகும்.

‘அவரைக்காய் வாசனையோடு விடிகிற இந்த…’

எப்படித் தொடங்கினாலும் சென்னம்மா வந்து நிற்கிறாள்.

2

தேன்கனிக்கோட்டைச் சாலையில் யானைகள் நின்றதால் பஸ் நகரவில்லை. காலடியில் அவரை மூட்டையோடு சென்னம்மா தவித்தாள். மகளின் பிரசவத்தால் இரண்டு சந்தை தவறிவிட்டது. இன்று மூன்றாவது.

(சந்தை வழக்கம்: தொடர்ந்து இரண்டு சந்தை வராவிட்டால், மூன்றாம் சந்தையில் இடத்துக்காரர் வருவதற்குள் அங்கே யார் முதல் போணி செய்கிறாரோ, இடம் அவருக்கு. புளியமரத்தடி போய்விட்டால் சென்னம்மாவுக்கு மாட்டுத்தொட்டிக்குப் பின்னால்தான் இடம். அங்கே ஈ காக்கை வராது.)

“ஆரன் அடிங்கண்ணா, சந்தைக்கு நேரமாவுது.”

“அடிச்சா நம்ம மேலதான் வரும். சும்மா இரும்மா.”

(பஸ்ஸுக்குள் நான் இல்லை. இந்தப் பேச்சு என் ஊகம்.)

3

நாராயணம்மாதான் எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்து இடத்துக்காரியான அவள் அன்று சென்னம்மாவின் இடத்தில் தன் அவரைக்காய்க் கூடையோடு சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். காவலுக்கா, கைப்பற்றவா? முதல் பிரதியில் அவளைக் கள்ளியாக்கினேன், அடுத்ததில் தெய்வமாக்கினேன். இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். ஊருக்குப் புதியவன் ஒருவன் அவரைக்காய் கேட்டான்.

“இரு சாமி, எடத்துக்காரம்மா வந்துரும். அது கையால போணி ஆவட்டும்.”

“கம்பெனி பஸ் போயிரும்மா. ஒரு கிலோ போடுங்க.”

“வேணாம் சாமி, சொன்னா கேளு.”

அவன் கேட்கவில்லை. அவள் கூடையிலிருந்து தானே தராசில் அள்ளிப் போட்டு, காசைச் சாக்கின்மேல் வைத்தான்.

4

அவன் காயைப் பையில் கொட்டிக்கொள்வதற்குள் சென்னம்மா ஓடி வந்துவிட்டாள். சாக்கைப் பார்த்தாள்.

“போணி ஆயிருச்சா?”

“காவலுக்குத்தான் ஒக்காந்தேன்க்கா. சத்தியமா.”

எதிர்க்கடை கங்கப்பன் முடித்துவிட்டார்: “வழக்கம்னா வழக்கந்தான். எடம் இனிமே நாராயணம்மாளுது.”

5

முடிவு ஒன்று: நாராயணம்மா எழுந்து இடத்தை விடுகிறாள்.

முடிவு இரண்டு: எழவில்லை. அவளுடைய பழைய இடத்தில் மத்தியானம் முழுக்க வெயில். அவளும்தான் என்ன செய்வாள்?

முடிவு மூன்று: வாங்கியவன் காயைத் திரும்பக் கொட்டி, “தப்பு என்னுதும்மா, இது போணியே இல்ல” என்று சொல்லி…

இதை எழுத முடியாது. அவன் அப்படிச் சொல்லவில்லை. அவன் நான்தான். விஷயம் புரிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். நாராயணம்மா எழுந்தாளா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு வருஷமாக அந்தப் பக்கமே போகவில்லை. வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் சந்தைக்குப் போனால் அந்த இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பார்த்துவிட்டு எனக்குச் சொல்ல வேண்டாம்.