கண்ணுள்ள முறி

சுயம்புராஜ் மஸ்கட்டிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்த நாற்பத்தொன்றாம் நாள் தேங்காய்ச் சண்டை தொடங்கியது. நாற்பது நாள் வரை ஒன்றுமில்லை. வருசா வருசம் அவனுக்கு நாற்பது நாள்தான் லீவு. லீவில் வந்த புருசனிடம் யாராவது சண்டை போடுவார்களா?

கல்யாணமாகி இருபத்தோரு வருசம்; மகள் இந்துஜா வெளியூரில் படிக்கிறாள். சேர்ந்திருந்த நாள்களைக் கூட்டினால் மூன்று வருசம் தேறாது. அதிலும் பாதி, விருந்துக்குப் போனதில் கழிந்தது. ஆகவே சுபிதாவுக்கு நாற்பத்திரண்டு வயதில் புதுப்பெண்ணின் சண்டைகளெல்லாம் வரிசையாகக் காத்திருந்தன.

அவன் அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியின் ஸ்டோர் பொறுப்பாளன். முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போக வேண்டும் என்பது அங்கே வேதம். நாற்பத்தொன்றாம் நாள் காலையில் சுபிதா ஃபிரிட்ஜைத் திறந்தபோது மோர்ச்சட்டி, இஞ்சித் துண்டு, தேங்காய் முறி என்று எல்லாவற்றிலும் வெள்ளை டேப் ஒட்டி, மார்க்கர் பேனாவால் தேதி எழுதியிருந்தது. அவள் சிரித்துக்கொண்டாள். சிரித்திருக்கக் கூடாது.

அவளுக்கும் ஒரு வேதம் இருந்தது. தேங்காயை இரண்டு முறியாக உடைத்தால், கண்ணுள்ள முறியை முதலில் திருவ வேண்டும். அதுதான் சீக்கிரம் கெடும். வீட்டில் ஒரே தேங்காய் இருந்தவரை இரண்டு வேதமும் முட்டிக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை உடைத்ததில் கண்ணில்லாத முறி மிச்சமிருந்தது. செவ்வாய்க்கிழமை மண்டைக்காட்டு அம்மனுக்கு உடைத்ததில் கண்ணுள்ள முறி பிரசாதமாக வந்து சேர்ந்தது. அன்று, புதன்கிழமை, சுபிதா அந்தச் செவ்வாய்க்கிழமை முறியை எடுத்தாள்.

"ஏட்டி, திங்கக்கிழமையத வச்சிட்டு இதையா எடுக்க?"

"இது கண்ணுள்ளதுல்லா. இன்னைக்கு விட்டா நாளைக்கு வழுவழுன்னு ஆயிரும்."

"கண்ணு, மூக்குன்னுட்டு. தேதியப் பாருட்டி. எழுதி ஒட்டியிருக்கேன்லா?"

"தேங்கா என்ன, உங்களுக்க டேப்ப வாசிச்சிட்டா கெடுது?"

"பதினெட்டு வருசத்துல எனக்க ஸ்டோர்ல ஒரு மூட்டை சிமெண்ட் கட்டி பிடிச்சதில்ல."

"செரி, அப்பம் மீனுக்கு சிமெண்ட அரைச்சு ஊத்துதேன்."

முறியைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்து, கதவை அடைத்தாள். கொஞ்சம் பலமாகத்தான் அடைத்தாள்.

அன்று சாயங்காலம் பழைய மேனேஜர் ஃபோன் செய்தார். ஸ்டோர் வேலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, வருகிறாயா, சனிக்கிழமை பத்து மணிக்குக் கூப்பிடுவேன், பதில் சொல். சுயம்புராஜ் ஃபோனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"நீ என்ன சொல்லுத?"

"உங்க இஷ்டம்" என்றாள்.

சொல்லும்போதே மனசு அடுக்களையைச் சுற்றி வந்தது. அவன் போனால், அவன் மாற்றி வைத்த உப்புப் பரணி பழைய இடத்துக்கே வந்துவிடும். துணி காயப்போடும் கயிற்றில் சட்டைக்கு ஒரு பக்கம், துண்டுக்கு ஒரு பக்கம் என்ற சட்டம் இருக்காது. இப்படிக் கணக்குப் போடுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஒரு மனுசனை உப்புப் பரணிக்காகக் கடல் தாண்டி அனுப்பலாமா? அனுப்பலாம் என்றுதான் தோன்றியது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

காலைச் சண்டைக்குப் பிறகு இருவரும் அந்த முறிகளைத் தொடவில்லை. தொட்டவர் தோற்றவர். மூன்றாவதாக ஒரு தேங்காயை உடைத்தாலும் தோல்விதான். புதன்கிழமை கடியப்பட்டணத்திலிருந்து பைக்கில் மீன் கொண்டுவரும் ஜெபமணியிடம் சாளை வாங்கி, தேங்காயே சேர்க்காமல் வெறும் புளிக்குழம்பாகப் புளிமுளம் வைத்தாள். வியாழன் ரசம். வெள்ளி, ரசத்தின் மிச்சம். தோப்பில் நாற்பது தென்னை நிற்கிற வீட்டில் நோயாளிச் சாப்பாடு. "நல்ல ருசி" என்றான் அவன், அழிச்சாட்டியமாக.

பக்கத்து வீட்டு ஸ்மைலின் மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். "என்னக்கா, மூணு நாளா மிக்சி சத்தமே கேக்கல்ல? யாருக்கும் சொகமில்லியா?"

"எல்லாருக்கும் சொகந்தான் மக்கா. அதான் பிரச்சினை."

சனிக்கிழமை காலையில் ஃபிரிட்ஜைத் திறந்ததும் வாடை மூக்கிலடித்தது. கண்ணுள்ள முறி வழவழத்து மஞ்சளாகியிருந்தது. கண்ணில்லாத முறியில் கறுப்பாகப் பூசணம். டேப்புகள் மட்டும் புதுசு போல இருந்தன. சுயம்புராஜ் பின்னால் வந்து நின்றான்.

"ரெண்டும் போச்சு" என்றான். அதில் வெற்றியைத் தேடிப் பார்த்தாள்; இல்லை. "அங்க எனக்க கையெழுத்து இல்லாம ஒரு ஆணி வெளிய போவாது. இங்க வந்து தேங்காயில எழுதிட்டிருக்கேன்."

அவள் முறிகளைக் கையில் எடுத்தாள். "கண்ணுள்ளது முதல்ல கெடும்னு எனக்கு யாரு சொன்னான்னு நெனைக்கியோ? ஒருத்தரும் சொல்லல்ல. இந்துஜா கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன பெறவு, ஒரு தேங்கா உடைச்சா எனக்கு ஒத்தைக்கு நாலு நாளு தீராது. தூரப் போட்டுப் போட்டுப் படிச்சதாக்கும்."

அவன் புறவாசலுக்குப் போய், உரித்த தேங்காய் ஒன்றை எடுத்து வெட்டுகத்தியின் பின்பக்கத்தால் தட்டினான். தண்ணீரை டம்ளரில் பிடித்து அவளிடம் நீட்டினான். பிறகு கண்ணுள்ள முறியைத் திருவலையின் பக்கத்தில் வைத்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வைத்தான், ஆனாலும் வைத்தான்.

பத்து மணிக்கு ஃபோன் அடித்தது. அவன் எடுக்கவில்லை. அவளைப் பார்த்தபடி நின்றான். நான்காவது மணி. ஐந்தாவது மணி.

"எடுத்துச் சொல்லுங்க, வேற ஆளப் பாக்கச் சொல்லி" என்றாள் சுபிதா. "பின்னே, அந்தப் பேனா அடுக்களைக்குள்ள வரப்பிடாது. உப்புப் பரணியையும் தொடப்பிடாது."

"உப்புப் பரணி அங்க இருந்தா ஈரம்லா பிடிக்கும்…"

"ஃபோன எடுங்கன்னு சொன்னேன்!"

எடுத்தான். "சாரி சார், சாரி சார்" என்று ஆறேழு தடவை சொல்வது கேட்டது. அவள் திருவத் தொடங்கினாள். தேங்காய்ப்பூ வாழையிலையில் உதிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தபோது, ஃபோனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அவன் கை தன்பாட்டில் மற்ற முறிக்கு டேப் ஒட்டி, தேதி எழுதிக்கொண்டிருந்தது.

கண்ணில்லாத முறிதானே. அவள் பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டாள்.