குறுக்குப் பக்கங்கள்

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரான்சில் எங்கள் சேந்த்-எத்தியேன் ஊர் நூலகத்தில் பழைய பத்திரிகைகளுக்கு ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். ‘வியாழக்கிழமை வால்நட்சத்திரம்’ பற்றி இரண்டு பக்க வரலாறு எழுதித் தர முடியுமா என்று என்னைக் கேட்டார்கள். காரைக்காலில் பிறந்து, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து, அந்தப் பத்திரிகை நின்றுபோகும்வரை அதற்கு உறை ஒட்டியவள் நான். வேறு தகுதி கிடையாது.

இப்படித் தொடங்கினேன்:

‘1961ஆம் ஆண்டு, விண்வெளிக் கதைகளையும் மாயக் கதைகளையும் பெரியவர்கள் சிறுபிள்ளைச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவந்த ஒரு காலகட்டத்தில், இரு இளம் ஆசிரியர்களின் அயராத முயற்சியால் முகிழ்த்த இவ்விதழ்—’

அந்த இருவரில் ஒருத்தியான இவெத்திடம் படித்துக் காட்டினேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“யாரு செத்தது?”

“யாரும் சாகலையே.”

“அப்ப ஏன் இரங்கல் கூட்டத்துல பேசுற மாதிரி இருக்கு? நான் இங்கதான உக்காந்திருக்கேன், வேதா.”

இரண்டாவது தொடக்கம்: ‘அன்று வியாழக்கிழமை. மழை பெய்துகொண்டிருந்தது.’ [பெய்யவில்லை. நல்ல வெயில். கதை என்றால் மழையில் தொடங்க வேண்டும் என்று என் கைக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.]

மூன்றாவது: ‘பத்திரிகையின் உண்மையான வரலாறு, இவெத்துக்கும் லுசியனுக்கும் விவாகரத்து ஆன மாதத்தில் தொடங்குகிறது.’

இதைக் கேட்டதும் அவள் மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டாள். சரி, எழுது என்று அர்த்தம். நூலகத்துக்கு வேறு எதையாவது கொடுத்துக்கொள்ளலாம். இது உங்களுக்கு.

2

விவாகரத்துக்கு முன்பு நடந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பெயர் புரியாது.

இவெத் பூகோள டீச்சர். லுசியன் கணக்கு வாத்தியார். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு வியாழக்கிழமை விடுமுறை. இருவரும் அன்றைக்குத்தான் சமையலறை மேஜையில் கதைகளைப் பரப்பி வைத்துப் பத்திரிகை போட்டார்கள். அதனால் அந்தப் பெயர்.* அட்டைப்படத்துக்கு அவர்கள் அலையவே இல்லை. சுரங்கக் கழிவு கொட்டிக் கொட்டி ஊர் ஓரத்தில் எழும்பியிருக்கிற இரண்டு கறுப்பு மலைகளைப் படம் எடுத்து, மேலே ஒரு பச்சை நிலாவை வரைந்தால் வேற்றுக்கிரகம் தயார்.

1972இல் அரசாங்கம் விடுமுறையைப் புதன்கிழமைக்கு மாற்றியது. பத்திரிகையின் பெயரையும் மாற்ற வேண்டும் என்றான் லுசியன். அவனுக்கு எல்லாம் பொருந்த வேண்டும்.

“புதன்னு வச்சா கிரகம்னு நினைச்சுக்குவாங்க,” என்றாள் இவெத்.

“வியாழனும் கிரகம்தானே?”

“அது பெரிய கிரகம்.”

பெயர் மாறவில்லை. ஆனால் அந்தச் சின்னச் சண்டையில்தான் முதல் விரிசல் என்று ஒரு வாக்கியம் எழுதி அடித்துவிட்டேன். விரிசல் எங்கே தொடங்கியது என்று யாருக்குத் தெரியும்? அவர்களுக்கே தெரியாது.

(* நூலகத்தில் இந்தப் பெயரைத் தேடாதீர்கள். அகப்படாது. கதைக்காக மாற்றியிருக்கிறேன்.)

3

1976. இருவரும் சம்மதித்தாலே விவாகரத்து உண்டு என்று அதற்கு முந்தின வருஷம்தான் சட்டம் வந்திருந்தது. “நாங்க ரெண்டு பேரும் சண்டை போடாம ஒத்துக்கிட்டது அது ஒண்ணுதான்,” என்று லுசியன் பிற்பாடு சொல்லிச் சிரிப்பான்.

வீடு இவெத்துக்கு. கார் லுசியனுக்கு. வால்நட்சத்திரம் யாருக்கு?

யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் பத்திரிகையையே பாதியாகப் பிளந்தார்கள். விஞ்ஞானக் கதைகள் அவனுக்கு. மாயக் கதைகள் அவளுக்கு. ஒரு பக்கமிருந்து திறந்தால் ராக்கெட். அப்படியே தலைகீழாகத் திருப்பி மறு பக்கமிருந்து திறந்தால் டிராகன். இரண்டு முன்னட்டை, பின்னட்டையே கிடையாது. நடுவில் இரண்டு பாதியும் தலைகீழாக முட்டிக்கொண்டு நிற்கும். அவனுடைய கதைகள் அவன் வீட்டுக்கு, அவளுடையவை அவள் வீட்டுக்கு. பேச்சுவார்த்தை எல்லாம் அச்சுக்கூடக்காரர் ஒக்தாவ் வழியாக.

கேட்கச் சிரிப்பாக இருக்கிறது, இல்லையா? அப்போது சிரிப்பாக இல்லை. கடைக்காரர்களுக்கு எந்தப் பக்கத்தை வெளியே காட்டி அடுக்குவது என்று தெரியவில்லை. ராக்கெட் வாசகர்கள் பாதிப் பத்திரிகை வீண் என்றார்கள். டிராகன் வாசகர்களும் அதையே சொன்னார்கள். புதன்கிழமைதோறும் நான் ஒட்டுகிற உறைகள் குறைந்துகொண்டே வந்தன. அந்த வருஷக் கடைசியோடு மூடிவிடலாம் என்று லுசியன் ஒக்தாவிடம் சொல்லியனுப்பினான். இவெத் அன்று இரவு முழுக்க டிராகன்களைப் படித்தபடி உட்கார்ந்திருந்தாள். பதினைந்து வருஷமாகத் தன் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள அவளிடம் இருந்தது அது ஒன்றுதான்.

4

[இங்கே நிறுத்திவிட்டு ஒரு சந்தேகம். என் லுசியன் கதாபாத்திரம் விறைப்பாக வருகிறது. கோடு போட்டால் நேராகப் போடுகிறான், கணக்குப் பார்க்கிறான், மூடச் சொல்கிறான். இவெத்திடம் கேட்டேன்.

“அவன் அப்படியா இருந்தான்?”

“குளிக்கும்போது பாடுவான். ஒரு வரிகூட சுருதி சேராது. நல்லா சமைப்பான், அடுப்பை மட்டும் துடைக்க மாட்டான். ராத்திரி விடுற குறட்டையில ஜன்னல் கண்ணாடி அதிரும்.”

சேர்த்துக்கொள்ளுங்கள்.]

5

அந்த மே மாதம் எங்கள் ஊர்க் கால்பந்து அணியான பச்சைச் சட்டைக்காரர்கள் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்துக்குக் கிளாஸ்கோ போய்த் தோற்றார்கள். கோல் கம்பம் உருண்டையாக இல்லாமல் சதுரமாக இருந்ததால் பந்து வெளியே தெறித்ததுதான் காரணம் என்று ஊர் இன்றைக்கும் சொல்லும். ஊரே துக்கத்தில் இருந்த அந்த வாரம், பெருஷோன் என்கிற பல் டாக்டரிடமிருந்து ஒரு கதை வந்தது. ஆளுக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தார்.

தொலைதூரக் கிரகத்துக்குப் போகும் ஒரு விண்கப்பல். எஞ்சின் அறையில் ஓர் ஆவி. வழியில் இறந்துபோன சமையல்காரியின் ஆவி. யாராவது சூப்பைக் குறை சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், எஞ்சின் நின்றுவிடும். பசியும் பயமுமாகப் பயணிகள் முந்நூறு பேர், வாயில் வைக்க விளங்காத சூப்பைப் புகழ்ந்து புகழ்ந்தே கிரகம் போய்ச் சேர வேண்டும்.

லுசியன் இரவோடிரவாக எரிபொருள் கணக்கைப் போட்டுப் பார்த்தான். இம்மி பிசகாமல் சரி. ஆகவே இது தன் கதை. ஆவி இருப்பதால் தன் கதை என்றாள் இவெத். ஒக்தாவ் வழியாக மூன்று நாள் வாதம் நடந்தது. பிறகு இருவரும் தனித்தனியாக டாக்டருக்கு போன் போட்டார்கள். அவன் ஆவியை எடுக்கச் சொன்னான். அவள் எஞ்சினை எடுக்கச் சொன்னாள்.

நல்ல மனுஷர். இரண்டையும் எழுதி அனுப்பினார். ஆவி இல்லாத கதையில் ஒரு திருகாணி கழன்றது, மறுபடி மாட்டினார்கள். எஞ்சின் இல்லாத கதையில் ஒரு சமையல்கட்டு, அதில் ஒரு பேய், அவ்வளவுதான். கூடவே ஒரு வரி: ‘இருவருக்கும் கேட்டபடி பிடுங்கிக் கொடுத்துவிட்டேன். என் தொழிலில் பிடுங்கியதைத் திரும்ப வைக்க முடியாது. இனி உங்களுக்கு எழுதுவதாக இல்லை.’

6

மறுநாள் மத்தியானம் இவெத் லுசியனின் வீட்டுக்குப் போனாள். பிரிந்த பிறகு அதுதான் முதல் தடவை.

மூன்று மாடி ஏறினாள். அழைப்பு மணியின் பக்கத்தில் அவன் பெயர் மட்டும் தனியாக இருந்தது. அது அவளைக் குத்தும் என்று நினைத்திருந்தாள். குத்தவில்லை. நேராக எழுதியிருக்கிறானே என்றுதான் தோன்றியது. உள்ளே உருளைக்கிழங்கைத் துருவி அடை சுடும் வாசனை. கொஞ்சம் தீய்ந்த வாசனையும்.

“அடுப்புல தீயுது,” என்றாள், வணக்கம்கூடச் சொல்லாமல்.

“தெரியும். நீ பெல் அடிச்சதாலதான்.”

சமையலறை அவ்வளவு சின்னது. மேஜையைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தான். இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒன்று. எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தீயாத அடையை அவள் தட்டில் வைத்தான்.

“டாக்டர் எழுதினதைப் படிச்சியா?” என்று கேட்டாள்.

“படிச்சேன். திருகாணி.”

“எனக்கு வந்தது பேய்.”

“எப்படி இருக்கு?”

“கேவலமா இருக்கு. உனக்கு?”

“அதேதான்.” முள்கரண்டியைக் கீழே வைத்தான். “ஒரு நல்ல கதையை நாம ரெண்டு பேரும் சேந்து கொன்னுட்டோம், இவெத்.”

“சேந்து எங்க? தனித்தனியாத்தான் கொன்னோம்.”

அவன் சிரித்துவிட்டான். அவளுக்கும் அடக்க முடியவில்லை.

முதல் கதையைப் பையிலிருந்து எடுத்தாள். யார் பக்கமாக வைப்பது? அவள் பக்கம் வைத்தால் அவனுக்குத் தலைகீழ். அவன் பக்கம் வைத்தால் அவளுக்கு. இருவருக்கும் நடுவில் குறுக்காக வைத்தாள். இரண்டு பேரும் தலையைச் சாய்த்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார்கள். சூப்பில் மயிர் கிடந்ததை ஒரு பயணி மறைக்கிற இடத்தில் அவன் மேஜையைத் தட்டிச் சிரித்தான், எரிபொருள் தீர்கிற இடத்தில் அவள் அவனிடம், “இது நெஜமாவே இப்படித்தான் தீருமா?” என்று கேட்டாள். தீரும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினான். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிக் கேட்டதில்லை.

“கழுத்து வலிக்குது,” என்றான் லுசியன் கடைசியில்.

“எனக்கும்தான்.”

“ரெண்டு பக்கமும் வேண்டாம். நடுவுல இப்படியே போட்டுடலாமா? குறுக்க?”

அவள் யோசித்தாள். “வாசகனுக்கு?”

“அவன் புத்தகத்தைத் திருப்பிக்கட்டும். கை இருக்குல்ல?”

7

அச்சுக்கூடத்தில் ஒக்தாவ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“மேடம், நேரா போடுன்னீங்க, போட்டேன். தலைகீழா போடுன்னீங்க, போட்டேன். இப்ப படுக்கப் போடணுமா? இது பத்திரிகையா, இல்ல கோழியா, திருப்பித் திருப்பி வாட்டுறதுக்கு?”

“கோழின்னே வச்சுக்கோங்க,” என்றாள் இவெத். “நல்லா வேகணும்.”

டாக்டரைச் சமாதானப்படுத்த இருவரும் ஒன்றாக அவருடைய மருத்துவமனைக்கே போனார்கள். அவர் பிடிவாதமாக இருந்தார். பிறகு லுசியனின் கடைவாய்ப் பல்லைப் பார்த்துவிட்டு, அதைப் பிடுங்க விட்டால் கதையைத் தருவதாகச் சொன்னார். [இது உண்மையா என்று கேட்காதீர்கள். லுசியன் அப்படித்தான் சொல்வான். இவெத் இல்லை என்பாள். பல் இல்லாதது மட்டும் உண்மை.]

சூப்புக் கதை குறுக்காக வந்தது. ஊரில் பஸ்ஸிலும் டிராமிலும் ஜனங்கள் பத்திரிகையைக் காலண்டர் மாதிரி பிடித்துக்கொண்டு படித்தார்கள். அடுத்த இதழுக்கும் குறுக்குக் கதை கேட்டுக் கடிதங்கள் வந்தன. ராக்கெட்டிலும் சேராத, டிராகனிலும் சேராத கதைகளை எங்கெங்கிருந்தோ எழுதி அனுப்பினார்கள். உறைகள் பெருகி, எனக்கு உதவிக்கு இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டோம். மூடும் பேச்சு அதோடு போயிற்று.

ராக்கெட்டை அவன் தனியாகத் தேர்ந்தெடுத்தான். டிராகனை அவள் தனியாக. குறுக்குக் கதைகளுக்கு மட்டும் இரண்டு பேரும் வேண்டியிருந்தது. புதன்கிழமை மத்தியானங்களில் ஒரு வாரம் அவன் வீடு, மறு வாரம் அவள் வீடு. இருபத்திரண்டு வருஷம்.

8

இப்போது முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன.

முதலாவது: ஒரு புதன்கிழமை அவன் அவள் கையைப் பிடிக்கிறான். மறுபடி மேயர் அலுவலகம், மறுபடி மோதிரம். எழுதி, இவெத்திடம் காட்டினேன். கோபம்கூட வரவில்லை அவளுக்கு.

“உனக்கு என்னடி ஆச்சு? எனக்கு அவன் அபிப்பிராயம்தான் வேணும். குறட்டை வேணாம்.”

“கொஞ்சம்கூட ஆசை இல்லையா?”

“வாரத்துல ஒரு நாள் நான் அவ்வளவு சந்தோஷமா இருந்தேன். மிச்ச ஆறு நாளும் அமைதியா இருந்தேன். இதுக்கு மேல என்ன வேணும்னு கதை எழுதுறவங்களுக்குத்தான் புரிய மாட்டேங்குது.”

கிழித்துவிட்டேன்.

இரண்டாவது: பத்திரிகையின் முடிவையே கதையின் முடிவாக வைப்பது. ‘1998இல் ஒக்தாவ் ஓய்வு பெற்றார். வேறு அச்சுக்கூடங்கள் படுக்கப் போட மறுத்தன. கண்ணீர் மல்க—’ யாரும் கண்ணீர் விடவில்லை. கடைசி இதழைக் கட்டி அனுப்பிவிட்டு ஒக்தாவ் வீட்டில் சாசேஜும் அவரைப் பருப்பும் சாப்பிட்டோம். லுசியன் பாடினான். சுருதி சேரவில்லை.

மூன்றாவது: லுசியனை இறக்கவிடுவது. மரணம் வந்தால் எந்தக் கதையும் முடிந்துவிடும், வசதி. ஆனால் அவன் போன வாரம்கூடச் சந்தையில் ஒரு கட்டு லீக்ஸ் தண்டு வாங்கிக்கொண்டிருந்தான். கையசைத்தான். எப்படி இறக்கவிடுவேன்?

9

ஆகவே ஒரே ஒரு நாளோடு நிறுத்திக்கொள்கிறேன். கடைசி இதழ் போன பிறகு வந்த முதல் புதன்கிழமை. முறைப்படி பார்த்தால் இவெத் வீட்டில் கூடவேண்டிய வாரம். ஆனால் தேர்ந்தெடுக்கக் கதை இல்லை. கூடுவதற்கு ஒரு காரணமும் இல்லை. அதற்கு முந்தின வாரம் விடைபெறும்போது இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

“அன்னைக்கு என்ன நடந்துச்சு?” என்று இவெத்திடம் கேட்டேன்.

“அது பத்திரிகையோட வரலாறு இல்ல.”

“கதைக்கு வேணும்.”

என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. இன்னதென்று நான் சொல்லக்கூடாத நிறைவு.

“மத்தியானம் ஆச்சு. நான் காபி போட்டேன். இதுவரைக்கும் எழுதிக்கோ.”

“எத்தனை பேருக்குப் போட்ட?”

அவள் எழுந்து போய்ப் பீன்ஸைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அடுப்பில் காபி கொதிக்கிறது. அலமாரி திறந்திருக்கிறது. கோப்பைகளை நீங்கள் எடுத்து வையுங்கள்.