எலியக்காவின் முன்கை

முனைவர் பட்டத்துக்கான மூன்று வருட உழைப்பு அவள் கண்ணெதிரே கவிழ்ந்துகொண்டிருந்தது. ரத்தத்தில் மிதக்கும் கொழுப்பைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரலில் உண்டு. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கொடுத்தால் எலிக்கு அவை பெருகும் என்று காட்டுவதுதான் அவள் ஆராய்ச்சி. கொடுத்த எலிகளில் பெருகின, சரி. கொடுக்காத ஆண் எலிகளிலும் அல்லவா பெருகித் தொலைத்தன!

"மாதிரிகளைக் கலந்துட்டே. இல்லேன்னா நம்பரை நீயே எழுதிக்கிட்டே," என்றார் பேராசிரியர். "வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் சொல்லு. இல்லேன்னா ஆய்வை மூடிடலாம்."

குப்பி குப்பியாகச் சரிபார்த்தாள். தவறு அகப்படவில்லை. வியாழன் மதியம் எலிக்கூடத்துக்குப் போய், கூண்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். எலிகளைப் பராமரிக்கும் எலியக்கா தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தாள்.

"மருந்தே குடுக்காத எலிக்கு ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்துக்கா வரும்? வானத்துல இருந்தா?"

அந்தப் பெயர் எலியக்காவுக்குத் தெரியும். கைப்பையிலிருந்து ஒரு டியூபை எடுத்து நீட்டினாள். மாதவிடாய் நின்றபின் உடம்பு அனலாய்க் கொதிக்கிறதென்று மருத்துவர் எழுதிக்கொடுத்த ஜெல். தினமும் காலையில் முன்கையில் பூசிக்கொள்வாள். அதன்மேல் எழுதியிருந்ததும் ஈஸ்ட்ரோஜன்தான்.

"கையுறை போடுறீங்களே அக்கா?"

"மணிக்கட்டு வரைக்கும்தானே கண்ணு. எலிங்களைத் தூக்கினா முன்கையில ஏறி நக்கும். நானும் செல்லம் குடுத்துட்டேன். கொஞ்சக் கூடாதுன்னு சுவத்துலயே ஒட்டியிருக்கு. வா, சார்கிட்ட சொல்லிடலாம்."

"உங்க வேலை போயிடும்க்கா!"

"போனா போகட்டும். என் தப்புக்கு நீ பழி சுமக்குறதா?"

பேராசிரியர் டியூபை இரண்டு முறை படித்தார். கோபம் வந்த வழியே போய்விட்டது. "புது எலி வாங்கி மறுபடி ஆரம்பி," என்றார் அவளிடம். எலியக்காவிடம், "நாளையிலிருந்து தோள் வரைக்கும் கையுறை. ஜெல்லைச் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பூசுங்க," என்றார்.

எட்டு மாதம் கழித்து, ஹார்மோன் கொடுக்காத எலிகளின் கல்லீரல் ஏற்பிகள் பெருகாமல் சாதுவாக இருந்தது. ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் பேராசிரியருக்கும் முன்னால் எலியக்காவின் பெயர்.

"எல்லாத்தையும் கெடுத்தவளுக்கு எதுக்கு கண்ணு நன்றி?"

"கெடுத்தது நீங்கன்னு யாருக்குமே தெரிஞ்சிருக்காதேக்கா," என்று எலியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களா வந்து சொன்னீங்க."