மகள் வேலை பார்க்கும் கப்பல்

பேராக் மாநிலத்துச் சுங்காயிலிருந்து லூமுட்டுத் துறைமுகத்துக்குப் போக மங்களம் இரண்டு பஸ் ஏற வேண்டும். ஈப்போவில் இறங்கி ஒரு மணி நேரம் காத்திருந்து அடுத்ததைப் பிடித்தால் மதியத்துக்குள் கடற்கரைக்குப் போய்விடலாம். கடலைப் பார்க்க அவள் போனதில்லை. கடல் வழியாக வந்து நிற்கும் மகளைப் பார்க்கத்தான் ஐந்து வருஷமாகப் போய் வந்துகொண்டிருந்தாள்.

மகள் தினேஸ்வரி ஒரு சொகுசுக் கப்பலில் வழிகாட்டி. பெரிய கப்பல் இல்லை, மொத்தமே நாற்பது அறைகள். பெரிய கப்பல்கள் நெருங்க முடியாத தீவுகளுக்கும் ஆளில்லாத கரைகளுக்கும் போவதுதான் அதன் பெருமை. பணக்கார வெள்ளைக்காரர்களைக் காற்றடைத்த ரப்பர் படகில் ஏற்றிக்கொண்டு போய்ப் பறவையும் பவளமும் ஆமையும் காட்டி விளக்கம் சொல்வது தினேஸ்வரியின் வேலை. பல்கலைக்கழகத்தில் அவள் உயிரியல் படித்தது இதற்குத்தானா என்று மங்களத்துக்கு இன்னும் சந்தேகம் உண்டு. வருஷத்தில் மூன்று மாதம் அந்தக் கப்பல் லூமுட்டைத் தொட்டுப் போகும். பழைய பயணிகள் இறங்கிப் புதியவர்கள் ஏறுவதற்கு இடையில் அவளுக்கு நாற்பது நிமிடம் கிடைக்கும். துறைமுக வாசலில் உட்கார்ந்து, அம்மா கட்டிக்கொண்டு வந்த சோற்றையும் கருவாட்டுக் குழம்பையும் கையால் பிசைந்து சாப்பிடுவாள். பாதிப் பேச்சில் மணியைப் பார்ப்பாள். எழுந்து போய்விடுவாள். வீடு அங்கிருந்து இரண்டு மணி நேரக் கார்ப் பயணம்தான். ஆனால் கப்பல்காரர்களுக்கு அந்த இரண்டு மணி நேரம் கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மங்களத்தின் கணவர் பழனியப்பன் எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை நிறுத்திவிட்டு இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அன்றே போய்விட்டார். கப்பல் அப்போது இந்தோனேசியாவின் கிழக்குக் கோடியில் இருந்தது. பக்கத்து விமான நிலையத்துக்கே இரண்டு நாள் ஆகும். மறுநாள் மாலை தகனம். பெற்ற அப்பன் முகத்தைப் பார்க்கக்கூட வராத பிள்ளை என்று பழனியப்பனின் தங்கை செல்லாயி வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். மங்களத்துக்கு அதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. போனில் செய்தியைச் சொன்னபோது தினேஸ்வரியின் குரல் கொஞ்சமும் உடையவில்லை. "சரிம்மா. நீ சாப்டியா?" என்று மட்டும் கேட்டாள். அதுதான் மங்களத்தின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது. பிறகு லூமுட்டில் எத்தனையோ நாற்பது நிமிடங்கள் வந்து போயின. அப்பாவைப் பற்றி மகளும் பேசவில்லை, தாயும் கேட்கவில்லை.

இந்த ஜனவரியில் தினேஸ்வரி போன் செய்தாள். ஐந்து வருஷம் வேலை பார்த்தவர்களுக்கு, அறை காலியாக இருந்தால், வீட்டு ஆள் ஒருவரை ஒரு பயணம் இலவசமாகக் கூட்டிப் போகலாமாம். லூமுட்டில் ஏறி லூமுட்டிலேயே இறங்கலாம், ஏழு நாள், பாஸ்போர்ட் மட்டும் எடுத்தால் போதும், நீ வாம்மா என்றாள்.

மங்களம் சுங்காயில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறவள். பதினான்கு வயதில் பாலுக்காக ரப்பர் மரம் வெட்டத் தொடங்கி, தோட்டம் செம்பனையாக மாறியபோது வேலை போய், அதன்பிறகு பிடித்த வேலை இது. ஒரு வாரம் லீவு கேட்டால் தலைமையாசிரியை முகம் சுளிப்பாள் என்று பயந்தாள். அவளோ விஷயத்தைக் கேட்டுத் தானே லீவு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தாள். ஏழு நாள் மகளோடு இருக்கலாம் என்பதைத் தவிர மங்களத்துக்கு வேறொரு நினைப்பும் இருந்தது. பக்கத்து ஊரான தாப்பாவில் மலையடிவாரத்து ரிசார்ட் ஒன்றில் காட்டு வழிகாட்டி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். விசாரித்து வைத்திருந்தாள். நாற்பது நிமிடத்தில் சொல்ல முடியாததை ஏழு நாளில் சொல்லி மகளை வீட்டுக்கு அழைத்து வந்துவிடலாம் என்று நம்பினாள்.

கப்பல் படி ஏறியதுமே அந்த நம்பிக்கைக்கு முதல் அடி விழுந்தது. வாசலில் வரிசையாக நின்ற ஊழியர்களில் தினேஸ்வரியும் நின்றாள். ஒவ்வொரு பயணியின் கையையும் குலுக்கியது போலவே அம்மாவின் கையையும் குலுக்கி, அதே ஆங்கிலத்தில், அதே புன்னகையோடு வரவேற்றாள். விடும்போது மட்டும் கட்டைவிரலால் அம்மாவின் உள்ளங்கையை ஒரு தடவை அழுத்தினாள். பின்னால் நின்றவருக்காக மங்களம் நகர வேண்டியிருந்தது.

அறையைப் பார்த்ததும் அவளுக்குக் கால் வைக்கக் கூச்சமாக இருந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி, அதற்கு அப்பால் கடல். கட்டிலில் ஆறு தலையணைகள். குளியலறையில் அவள் வீட்டு அடுப்படி அளவுக்கு ஒரு தொட்டி. மறுநாள் காலை அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண், பெயர் ரீனி, இந்தோனேசியச் சுலாவேசிக்காரி, அப்படியே நின்றுவிட்டாள். படுக்கை விரித்தாகிவிட்டது, தொட்டி தேய்த்தாகிவிட்டது, துண்டுகள் மடித்து அடுக்கியாகிவிட்டது. இப்படிச் செய்தால் என் வேலை போய்விடும் அம்மா என்று மலாயில் சொல்லிச் சிரித்தாள். மங்களமும் சிரித்துவிட்டாள். அந்த ஏழு நாளில் அவள் கூச்சமில்லாமல் பேசியது ரீனியோடுதான்.

மகளோடு பேசத்தான் வழி கிடைக்கவில்லை. விடிவதற்கு முன்பே தினேஸ்வரி படகுகளை இறக்கப் போய்விடுவாள். பகலெல்லாம் தீவு, மாலையில் பேச்சு, ராத்திரிச் சாப்பாட்டில் வழிகாட்டிகள் ஒவ்வொரு நாளும் வேறு வேறு மேசையில் பயணிகளோடு உட்கார வேண்டும் என்று விதி. அவள் படுப்பது கீழ்த்தளத்தில், இன்னொரு பெண்ணோடு. அங்கே பயணிகள் போகக்கூடாது. ஒரு வீட்டில் இரண்டு வாசல் வைத்துத் தனித்தனியாகக் குடியிருப்பது போல ஆகிவிட்டது. மூன்று மேசை தள்ளி யாரோ ஒரு கிழவரிடம் தலையைச் சாய்த்துப் பேசும் மகளைப் பார்த்துக்கொண்டே மங்களம் பெயர் தெரியாத மீனைச் சாப்பிட்டாள். லூமுட்டிலாவது நாற்பது நிமிடம் அவள் எனக்கே எனக்காக இருந்தாளே என்று தோன்றியது.

இரண்டாம் நாள் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. தினேஸ்வரி ஓட்டும் படகு எதுவோ அதில் பெயர் கொடுத்தாள். தண்ணீர் என்றால் பயம். படகின் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். ஜாரக் தீவில் பாறை மேல் உட்கார்ந்திருந்த கடற்பருந்தை எல்லோரும் படம் எடுத்தபோது, அவள் படகு எஞ்சினின் விசையைப் பிடித்திருந்த மகளின் கையைப் பார்த்தாள். வெயிலில் கறுத்து, காய்ப்புக் காய்த்து, மரம் வெட்டிய காலத்தில் தனக்கிருந்த கை போலவே இருந்தது. லங்காவியைத் தாண்டித் தாய்லாந்துத் தீவுகளுக்குப் போனபோதும் அவள் ஒரு படகையும் விடவில்லை. மாலையில் தினேஸ்வரி ஆங்கிலத்தில் பவளத்தைப் பற்றிப் பேசினால் முதல் வரிசையில் உட்கார்ந்துகொள்வாள். பாதிகூடப் புரியாது. பயணிகளில் ஒரு ஆஸ்திரேலியக் கிழவி, இந்த அம்மாவுக்கு இயற்கை மேல் இவ்வளவு ஆசையா என்று வியந்து தன் பைனாகுலரையே கொடுத்துவிட்டாள். மங்களம் அதை வாங்கி, மேடையில் நின்ற மகளின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே சின்னச் சின்னக் கோடுகள் விழுந்திருந்தன. முப்பத்தொரு வயசுதான் ஆகிறது.

ஐந்தாம் நாள் காலை ரீனி தலையணை உறை மாற்றிக்கொண்டே ஒன்று சொன்னாள். உங்கள் மகள் மாதிரி ஒருத்தியை நான் பார்த்ததில்லை அம்மா என்றாள். அவள் அப்பா இறந்த செய்தி வந்த அன்று நானும் இதே கப்பலில்தான் இருந்தேன். படகில் எட்டுப் பயணிகள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், அப்போதுதான் அவளைக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்தார்கள். பேசிவிட்டு நேரே படகுக்குப் போய்விட்டாள். மூன்று மணி நேரம் அவர்களுக்குப் பறவை காட்டிவிட்டு வந்தாள். வேறு வழிகாட்டி அன்று இல்லை, ஒருவருக்குக் காய்ச்சல், மற்றவர்கள் முன்பே படகில் போய்விட்டார்கள். எங்களுக்கெல்லாம் சாயங்காலம்தான் தெரியும்.

ரீனி அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். மங்களம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். தன் போன்தான் அது. சரிம்மா, நீ சாப்டியா என்று கேட்டுவிட்டு அவள் போனது அந்தப் படகுக்கு. அன்று மதியம் மங்களம் எந்தப் படகிலும் போகவில்லை.

கடைசி நாள் கப்பல் செம்பிலான் தீவுகளுக்கு வந்தது. பேராக் கரைக்கு வெளியே இருக்கும் தீவுகள். கண்ணைக் கூர்மையாக்கினால் கிழக்கே ஊர்ப்பக்கத்து மலைகள் மங்கலாகத் தெரியும். பயணிகள் நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீரில் மிதந்தார்கள். மங்களம் மணலில் மர நிழலில் உட்கார்ந்திருந்தாள். தினேஸ்வரி இன்னொரு வழிகாட்டியிடம் ஏதோ சொல்லிவிட்டு ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முடியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டியது.

"பத்து நிமிஷம் கேட்டு வாங்கிருக்கேன்மா."

ஒரு வாரமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் எல்லாம் அந்த நேரம் பார்த்து மங்களத்துக்குக் குழறின.

"தாப்பாவுல ஒரு ரிசார்ட்ல ஆள் எடுக்குறாங்களாம். காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போற வேலதான். நீ செய்யுறதேதான். சாயங்காலமானா வீட்டுக்கு வந்துரலாம்."

தினேஸ்வரி மணலைக் கையில் அள்ளி விரல் இடுக்கில் விட்டாள்.

"ஏப்ரல்ல வேற கப்பலுக்கு மாறுறேன்மா. தெக்க, பனிக்கடல் பக்கம். ரெண்டு வருஷ வேலைக்குக் கொந்தராக்ல கையெழுத்துப் போட்டுட்டேன். அதைச் சொல்லத்தான் ஒன்னை வரச் சொன்னேன். லூமுட்டு ஜெத்தியில நின்னுக்கிட்டு சொல்ல மனசு வரல."

"அந்தக் கப்பல் லூமுட்டுக்கு வராதா?"

"வராதும்மா."

மங்களம் கடலைப் பார்த்தாள். மகளை ஏசலாம். அத்தை செல்லாயி சொன்னது சரிதான் என்று சொல்லலாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எப்படியும் போகத்தான் போகிறாள் என்பது அந்த உட்கார்ந்திருப்பிலேயே தெரிந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் தண்ணீர்ப் பக்கமே வைத்துக்கொண்டு.

"அங்க ரொம்ப குளிரும்லா," என்றாள்.

"ஜாக்கெட்டு குடுப்பாங்கம்மா."

பிறகு மங்களம், தான் கேட்க நினைத்தே இராத ஒன்றைக் கேட்டாள்.

"அப்பா செத்த அன்னைக்கு, பறவை காட்டிட்டு வந்தியாமே. அப்புறம் நீ எங்க போயி அழுத?"

தினேஸ்வரி சட்டென்று திரும்பி அம்மாவைப் பார்த்தாள். யார் சொன்னது என்று கேட்கவில்லை. "காட்டுறேன் வா," என்றாள். அதற்குள் தண்ணீரிலிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கையைத் தூக்கினார்கள். எழுந்து ஓடினாள்.

மாலை நான்கு மணிக்கு எல்லாப் படகுகளையும் கப்பலில் ஏற்றியபிறகு, அதிகாரியிடம் அனுமதி கேட்டு, அம்மாவைக் கப்பலின் பின்பக்கத்துக்குக் கூட்டிப் போனாள். பயணிகள் பார்க்காத இடம் அது. கம்பளம் இல்லை, மரச்சட்டம் இல்லை. இரும்புத் தரை, சுருட்டி வைத்த கயிறுகள், எண்ணெய் வாசம். தூக்கி நிறுத்திய ரப்பர் படகுகளிலிருந்து மணலும் உப்பும் வடிந்தன. நாள் முடிந்ததும் நல்ல தண்ணீர் அடித்து அவற்றைக் கழுவ வேண்டும்.

"இங்கதான். தண்ணிய முழுசாத் தெறந்து விட்டுட்டுக் கழுவுனேன். சத்தத்துல யாருக்கும் கேக்காது. மூணு போட்டயும் ஒரு ஆளாக் கழுவுனேன்மா. முடிஞ்சதும் திரும்பவும் மொத போட்டுலேர்ந்து கழுவுனேன்."

மங்களம் அந்த இரும்புத் தரையைப் பார்த்தாள். கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஓரத்தில் கிடந்த தேய்ப்புக் கட்டையை எடுத்துப் படகின் அடியைத் தேய்க்க ஆரம்பித்தாள். அவளுக்குத் தெரிந்த வேலை. தினேஸ்வரி தடுக்கவில்லை. குழாயைத் திறந்தாள். தண்ணீர் ரப்பரில் மோதிப் பெருஞ்சத்தம் எழுந்தது. இரண்டு பேரும் ஒரு படகைக் கழுவி முடித்தார்கள். இரண்டாவதில் பாதி போனபோது தினேஸ்வரி கேட்டாள்.

"அப்பா மொகம் எப்படிம்மா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. மொத நாள்தான் பீடோர் டவுனுக்குப் போயி முடி வெட்டி, சேவ் பண்ணிட்டு வந்திருந்தாரு. தூங்குற மாதிரிதான். ஒரு பக்கத்து மீசைய மட்டும் கொஞ்சம் கூட வெட்டிட்டான்னு அன்னைக்குக் காலையில ஏசிக்கிட்டு இருந்தாரு."

தினேஸ்வரிக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அந்தச் சிரிப்பு பாதியில் உடைந்தது. குழாயைக் கையில் பிடித்தபடியே அவள் குலுங்கினாள். தண்ணீர் படகை விட்டுத் தரையில் ஓடியது. மங்களம் கட்டையைப் போட்டுவிட்டு ஈரத்தோடு மகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். குழாயை மூட இருவருமே கை நீட்டவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கப்பல் லூமுட்டைத் தொட்டது. இறங்கும் வரிசையிலும் தினேஸ்வரி நின்றாள். பயணிகளின் கையைக் குலுக்கினாள். அம்மாவின் முறை வந்தபோது கை குலுக்காமல் கட்டிக்கொண்டாள். பின்னால் நின்ற ஆஸ்திரேலியக் கிழவி பொறுமையாகக் காத்திருந்தாள். "போயிட்டு வாரேன்மா," என்று தினேஸ்வரிதான் சொன்னாள், இறங்கிப் போவது அம்மாவாக இருந்தும். அன்று புதிய பயணிகள் சீக்கிரமே வந்துவிட்டதால் நாற்பது நிமிடம் கிடைக்கவில்லை.

ஈப்போ பஸ் பதினொன்றுக்கு இருந்தது. மங்களம் அதில் ஏறவில்லை. மதிய பஸ்ஸையும் விட்டுவிட்டாள். ஒரு கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கடலோரச் சுவரில் போய் உட்கார்ந்தாள். ஐந்து மணிக்குக் கப்பல் கிளம்பியது. மேல்தளத்தில் வழிகாட்டிகள் நான்கு பேர் ஒரே மாதிரி நீலச் சட்டையில் வரிசையாக நின்று கரையைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார்கள். தொப்பி போட்டிருந்ததால் யார் யாரென்று தெரியவில்லை. மங்களம் எழுந்து நின்று நான்கு பேருக்கும் பொதுவாகக் கையசைத்தாள். கப்பல் பங்கோர்த் தீவுப் பக்கம் திரும்பும்போது மூன்று பேர் கையை இறக்கிவிட்டு உள்ளே போனார்கள். ஓரத்தில் நின்ற ஒரு நீலச் சட்டை மட்டும் போகவில்லை. அதுதான் தன் மகள் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.