மாடு குறுக்கே வரவில்லை

எருமைக்குத் தண்ணீர் வைக்கப் போன விமலேஸ்வரி, அதன் கழுத்தில் கிடந்த சங்கிலியைப் பார்த்ததும் வாளியைத் தொம்மென்று கீழே வைத்தாள். அது எருமைக்கு வாங்கிய சங்கிலி அல்ல. உழவு இயந்திரத்தையும் அதன் பின்னால் இழுபடும் பெட்டியையும் கொழுவியிருக்கும் ஆணி கழன்றாலும், பெட்டி தனியே ஓடிவிடாமல் பிடித்து வைப்பதற்கென்று இயந்திரம் விற்றவன் கொடுத்த சங்கிலி. எருமை கயிற்றை அறுக்கிறதென்று அவள் புருசன் இளையதம்பி மாசி மாதம் அதைக் கழற்றிக் கட்டினான். வைகாசி பிறந்தும் அது எருமையின் கழுத்திலேயே கிடந்தது.

"இஞ்சை பாருங்கோ, இண்டைக்குச் சனத்தை ஏத்திக்கொண்டு வற்றாப்பளை அம்மாள் கோயிலுக்குப் பொங்கப் போறியள். உந்தச் சங்கிலியைக் கழட்டிப் பெட்டியிலை கொழுவுங்கோ."

"எருமை அறுத்துக்கொண்டு அடுத்தவன்ரை வயலுக்கை இறங்கினா ஆர் பதில் சொல்லுறது? ஒரு நாளைக்குத்தானே. அம்மாள் பாத்துக்கொள்ளுவா."

ஒரு நாளைக்குத்தானே! இந்த ஒரு சொல்லால் நாசமாய்ப் போன குடும்பங்களைக் கொண்டுவந்து குடியிருத்த, வன்னியில் வெட்டிய குடியேற்றத் திட்டம் அத்தனையும் சேர்ந்தாலும் காணாது. சங்கிலிதான் இல்லை, ஆணியாவது ஒழுங்கோ என்றால் அதுவுமில்லை. ஆணி மேலே எழும்பாமல் அடியில் செருகும் கிளிப் எப்போதோ சேற்றுக்குள் தொலைந்துவிட்டது. அந்த இடத்தில் தும்புக் கயிற்றைச் சுற்றி முடிந்திருந்தான் இளையதம்பி.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்தடியில் காடு வெட்டிக் குடியேறிய அந்தச் சனத்துக்குள் முதல் முதல் இயந்திரம் வாங்கியவன் அவன். அதுவரை வைகாசிப் பொங்கலுக்கு மாட்டுவண்டி கட்டிப் போனவர்கள், அந்த வருடம் தங்கள் வண்டிகளை விட்டுவிட்டு அவன் பெட்டியில் ஏற நான் முந்தி நீ முந்தி என்று நின்றார்கள். அரிசி மூட்டை, தேங்காய், விறகு, பெரிய கிடாரம் எல்லாம் ஏறின. ஏற்றியதில்தான் வந்தது வினை. அம்மாளுக்குப் படைக்கிற பண்டத்தில் டீசல் புகை படக்கூடாது என்று ஒருவர் சொல்ல, மற்றவர்களும் ஓம் ஓம் என்று தலையாட்ட, அத்தனை பாரத்தையும் பெட்டியின் கடைசி அந்தத்தில் குவித்தார்கள்.

அந்த மூட்டைகளோடு சாய்ந்துகொண்டு இரஞ்சிதமும் இருந்தாள். விமலேஸ்வரியின் தங்கை. கலியாணம் முடித்து எட்டு வருடம் பிள்ளையில்லாமல், நேர்த்தி வைத்து, இப்போதுதான் வயிற்றில் ஒன்று தங்கியிருந்தது. பிள்ளை பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. புகை மணத்துக்கு அவளுக்குக் குமட்டிச் சத்தி வந்தது. அதனால் பின்னுக்குப் போய் இருந்தாள்.

விமலேஸ்வரி பெட்டியின் பின்பலகையைத் தட்டினாள்.

"பின்பாரம் கூடிப்போச்சு, கண் தெரியேல்லையே? வண்டியிலை உப்பிடி ஏத்தினா நுகம் எழும்பி, மாடு கழுத்து இறுகி நிண்டிடும். மூட்டையளைச் சில்லுக்கு முன்னாலை தள்ளுங்கோ. தங்கச்சியையும் முன்னுக்கு இருத்துங்கோ."

"இது மாடில்லையப்பா, மெசின்!" இளையதம்பி சிரித்தான். "பொம்பிளையள் மெசினுக்குப் படிப்பிக்க வெளிக்கிட்டா விளங்கினமாதிரித்தான்."

பெட்டி முழுக்கச் சிரித்தது. இரஞ்சிதத்தின் புருசன் தில்லைநாதனும் சேர்ந்து சிரித்தான். விமலேஸ்வரி வாயை மூடிக்கொண்டு பெட்டியில் ஏறினாள். அங்கே சிரித்த ஆண்களில் வண்டி ஓட்டத் தெரியாதவன் ஒருவனும் இல்லை. பின்பாரம் ஏற்றிய வண்டியை ஒருவனும் வளவுக்கு வெளியே கொண்டுபோக மாட்டான். மாடு மூசும், காலை ஊன்றிக்கொண்டு நிற்கும், அடித்தாலும் அசையாது. இரும்பு மூசாது, முரண்டு பிடிக்காது. மாடு சொன்னால் கேட்பார்கள், மனைவி சொன்னால் கேட்கமாட்டார்கள். அதுதான் எங்கள் ஆம்பிளைகளின் மூளை.

இனி றோட்டின் கதையைக் கேளுங்கள். மார்கழி வெள்ளம் அறுத்த குழிகளை மூடக் கொந்தறாத்து எடுத்துக் காசு வாங்கியவர் ஏரம்பு. கல் அடுக்கவில்லை, இடித்து இறுக்கவில்லை. குழிக்குமேல் கிறவல் மண்ணைத் தூவிவிட்டுப் போய்விட்டார். நாலு வண்டி போக, கிறவல் பறந்து குழி பழையபடி வாயைப் பிளந்தது. ஏன் என்று கேட்க ஒரு நாதியில்லை. ஊர்க் கோயிலில் ஒரு நாள் திருவிழா ஏரம்புவின் உபயம். குழியில் விழுந்து எழும்பிப் போய், அவருக்கு மாலை போட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள்!

மதகடிக்குக் கிட்ட வரும்போது முன்னால் இரண்டு மாட்டுவண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவர்களுக்குப் புழுதி காட்டவேண்டும் இளையதம்பிக்கு. வேகத்தைக் கூட்டி, வண்டிகளை விலத்தி முந்திக்கொண்டு, மதகின் ஏற்றத்தில் ஏறினான். இயந்திரம் ஏறிவிட்டது. பெட்டியின் சில்லு குழிக்குள் விழுந்தது. பின்பாரம் கீழே அமத்த, முன்பக்கம் துள்ளி எழும்ப, தும்புக் கயிறு அறுந்து ஆணி மேலே பறந்தது. பிடித்து வைக்கச் சங்கிலி இல்லை. சனத்தோடு பெட்டி பின்பக்கமாக உருண்டு, மதகுக் கரையால் இறங்கி, வாலடித்து நின்றது. முதலில் விழுந்தவள் இரஞ்சிதம். அவளுக்குமேல் அரிசி மூட்டையும் விறகும் கிடாரமும் விழுந்தன.

பின்னால் வந்த மீன் வியாபாரி மீராசாகிபு நானா, தன் லொறியில் இருந்த மீன் பெட்டிகளை றோட்டோரம் இறக்கி எறிந்துவிட்டு, அவளை ஏற்றிக்கொண்டு ஆசுப்பத்திரிக்குப் பறந்தார். மற்றவர்களுக்குக் கை காலில் காயம். பின்னேரம் இரஞ்சிதத்துக்கு உயிரில்லாமல் ஓர் ஆண் பிள்ளை பிறந்தது. அவள் மட்டும் தப்பினாள்.

ஆசுப்பத்திரி வாசலுக்கு ஏரம்பு தோடம்பழத்தோடு வந்தார். துக்கம் விசாரிக்க என்றுதான் நினைப்பீர்கள். இளையதம்பியை ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"எல்லாம் அம்மாளின்ரை சோதினை, தம்பி. பொலிசு வரும். மாடு ஒண்டு குறுக்கை பாஞ்சது எண்டு சொல்லும். றோட்டையும் இழுக்கத் தேவையில்லை, உம்மையும் இழுக்கத் தேவையில்லை."

இளையதம்பி தலையாட்டினான். சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். செத்த பிள்ளையின் தகப்பன் தில்லைநாதன், "சொந்தத்துக்கை பொலிசு என்னத்துக்கு?" என்று முணுமுணுத்தான். த்தூ! பிள்ளையின் உடம்பு ஆறுவதற்குள் பொய் ஆயத்தமாகிவிட்டது.

பொலிசுக்காரர் வந்து கேட்டார். இளையதம்பி, "ஐயா, மாடொண்டு குறுக்கை..." என்று தொடங்கினான்.

"எந்த மாடு?"

பிள்ளைப்பேற்று வாட்டுக்குள்ளிருந்து விமலேஸ்வரி வந்து நின்றாள். கையில் வெள்ளைத் துணியில் சுற்றிய சின்னப் பொதி.

"எந்த மாடு எண்டு கேக்கிறன். என்ன நிறம்? சொல்லுங்கோவன்!"

"விசரி, வாயை மூடிக்கொண்டு போ உள்ளுக்கு," என்றான் இளையதம்பி.

"மூடமாட்டன். காலமை மூடினதாலைதான் இதைத் தூக்கிக்கொண்டு நிக்கிறன். ஐயா, மாடு குறுக்கை வரேல்லை. மாடு இழுத்திருந்தா இந்தப் பிள்ளை செத்திராது. பின்பாரத்தோடை மாடு படலையைத் தாண்டியிராது. கிளிப் இல்லாத ஆணி, கயித்தாலை கட்டினது. பெட்டிச் சங்கிலி எங்கடை எருமையின்ரை கழுத்திலை கிடக்குது, வந்து பாருங்கோ." ஏரம்புவின் பக்கம் திரும்பினாள். "ஏரம்பண்ணை, தோடம்பழம் ஆருக்கு? இவனுக்கோ? பல்லு முளைக்கேல்லையே அண்ணை இவனுக்கு! குழியிலை கிறவலைத் தூவேக்கை உங்களுக்குக் கை கூசேல்லையோ?"

ஏரம்பு பழப் பையை மற்றக் கைக்கு மாற்றினார்.

இளையதம்பி அந்தப் பொதியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு படியில் குந்தினான். "அவ சொல்லுறதுதான் உண்மை ஐயா," என்றான். "மாடு வரேல்லை. சங்கிலியைக் கழட்டினது நான், பின்பாரம் ஏத்த விட்டது நான், குழி தெரிஞ்சும் ஓடினது நான். எழுதுங்கோ. குழியை ஆர் மூடினதெண்டதையும் எழுதுங்கோ."

"சரி சரி, நடந்தது நடந்துபோச்சு. எல்லாம் அம்மாளின்ரை விளையாட்டு," என்றது கூட்டத்துக்குள் ஒரு குரல்.

விமலேஸ்வரி அந்தப் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"அம்மாளோ ஆணியைக் கயித்தாலை கட்டினவா? அம்மாளோ றோட்டிலை களவெடுத்தவா? வாயில்லாத மாட்டிலையும் பழியைப் போடாதேங்கோ, அம்மாளிலையும் போடாதேங்கோ. சனத்தை ஏத்திறவன் கொளுக்கியையும் பாரத்தையும் பாக்கவேணும். றோட்டுப் போடுறவன், அதிலை தன்ரை பிள்ளை போகும் எண்டு நினைச்சுப் போடவேணும். போடாதவனை ஊர் கேக்கவேணும். இதொண்டும் செய்யாமல் அம்மாளுக்குப் பொங்கி என்ன, பொங்காமல் விட்டென்ன!"