அப்துல் கஃபாரின் கால்மாட்டுக் கல்

அப்துல் கஃபார் உயிரோடு இருந்தபோது ஐந்தடி மூன்று அங்குல உயரம். 1944 ஜூன் மாதம் விஷ ஜுரத்தில் இறந்து, ராயப்பேட்டை கபரஸ்தானில் ஐந்தே முக்கால் அடிக் குழியில் அடக்கப்பட்டார். 1947 பிப்ரவரியில் அந்தக் கபர் எட்டே காலடி நீளம் இருந்தது. தலைமாட்டுக் கல் வைத்த இடத்திலேயே நின்றது. கால்மாட்டுக் கல்தான் மண் மேட்டையும் இழுத்துக்கொண்டு தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது. கபரஸ்தானைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் சர்தார் முதல் வருடம் எலி வளை என்றார், அடுத்த வருடம் மழை என்றார், மூன்றாவது வருடம் ஒன்றும் சொல்லாமல் வெள்ளிக்கிழமைதோறும் அளக்க ஆரம்பித்தார்.

அளக்கிற இஞ்ச் டேப் கமர் ஜஹானுடையது. அவள் அப்துல் கஃபாரின் மனைவி. பக்கத்துச் சந்தில் ஒற்றை அறையில் பெண்களுக்கு ரவிக்கை, ஜம்பர் தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். பெண்கள் கபரஸ்தானுக்குள் போகிற வழக்கம் இல்லாததால் இடிந்த மதில் ஓரமாக வெளியே நின்று டேப்பை நீட்டுவாள், சர்தார் அளந்துவிட்டு வந்து சொல்வார். புருஷன் வளர்வதைப் பற்றி அவளுக்கு ஆட்சேபணை இல்லை. உயிரோடு இருந்தபோது வளர்ந்திருக்கலாம், அவ்வளவுதான். அவளுடைய பயம் வேறு. அவர் கால்மாட்டுக்குத் தெற்கே இரண்டு சாண் நீளத்தில் ஒரு சின்னக் கபர் இருந்தது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய 1942 ஏப்ரலில் பிறந்து, பதினோரு நாள் இருந்துவிட்டுப் போன அவர்கள் மகள். தோள் கொடுக்கத் தெருவில் ஆள் இல்லை. அப்துல் கஃபார் குழந்தையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தனியாக நடந்துபோய் அடக்கிவிட்டு வந்தார். அவரை அங்கே வைத்ததே மகள் அவர் காலடியில் இருக்கட்டும் என்றுதான். இப்போது இரண்டு கபருக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான் பாக்கி. கல் இப்படியே வந்தால் ரம்ஜானுக்குள் குழந்தை மேல் ஏறிவிடும்.

கபரஸ்தானின் வடக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு செம்மண் மைதானம். அங்கேதான் அப்துல் கஃபார் கூடைப்பந்து ஆடினார். பகலெல்லாம் பைண்டிங் கடையில் புத்தகம் தைத்துவிட்டு, சாயங்காலம் அந்த மைதானத்தில் தன்னைவிட ஒரு தலை உயரமான ஆட்களுக்கு நடுவே புகுந்து புறப்படுவார். பந்து கிழிந்தால் அவரே தைப்பார். அந்தக் காலத்துப் பந்துக்கு வயிற்றில் வார் போட்டுக் கட்டியிருக்கும், அந்த வார் தரையில் பட்டால் பந்து கோணலாக எழும்பும். எந்தப் பக்கம் எழும்பும் என்று தைத்தவருக்குத் தெரியாதா? 1943 டிசம்பரில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் அணியை ராயப்பேட்டைக்காரர்கள் ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள். கடைசிக் கூடை அப்துல் கஃபாருடையது, நடுக்கோட்டிலிருந்து. கமர் ஜஹான் அதைப் பார்க்கவில்லை. எதையுமே பார்த்ததில்லை. பெண்களுக்கு மைதானம் கிடையாது. அவளுக்குக் கிடைத்ததெல்லாம் துவைக்க வேண்டிய செம்மண் டிராயரும் சிராய்த்த முழங்காலும்.

பார்த்தவர்கள் வியாழக்கிழமை சாயங்காலம் தவறாமல் வளையத்தின் கீழே கூடினார்கள். யுத்தத்தில் கயிறு கிடைக்காமல் வலை போய், கம்பத்தில் இரும்பு வளையம் மட்டும் இருந்தது. பக்கிங்ஹாம் கால்வாயில் படகுச் சரக்கு இறக்கும் முருகையன், மயிலாப்பூரிலிருந்து நடந்தே வரும் வக்கீல் குமாஸ்தா ரகுபதி, கூட ஆடிய வலியுல்லா, இன்னும் இருபது பேர். அவர் ஜுரத்தில் கிடந்த பதினெட்டு நாளில் எட்டிப் பார்த்தவர்கள் மூன்று பேர் என்பதைக் கமர் ஜஹான் மறக்கவில்லை, ஆனால் அவர்கள் அழுதது பொய்யில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அந்தக் கடைசிக் கூடையைத்தான் அவர்கள் பேசினார்கள். 1944ல் அது நடுக்கோட்டிலிருந்து விழுந்தது. 1945ல் மைதானத்து வேப்பமரத்தடியிலிருந்து. 1946ல் தெருவைத் தாண்டி, முதுகைக் காட்டிக்கொண்டு.

“நான் கண்ணால பார்த்தேன் ஓய்” என்பார் ரகுபதி. “பந்து மேலே போயிண்டே இருக்கு. எதிர்ல வந்த கருடன் ஒதுங்கி வழி விடறது.”

“கருடன் இன்னா ஐயிரே, ஏரோப்ளேனே நின்னுச்சு!” என்பான் முருகையன்.

பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் முருகையன் தன் மனைவி தாயம்மாவின் ஜம்பரை வாங்கப் போனான். கமர் ஜஹான் பித்தான் தைத்து முடிப்பதற்குள், அப்துல் கஃபார் பாய் மயிலாப்பூர் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்தபடியே போட்ட பந்து ராயப்பேட்டை வளையத்தில் விழுந்த விவரத்தைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். மறுநாள் காலை, வெள்ளிக்கிழமைகூட இல்லை, சர்தார் தானாகவே சந்துக்கு வந்தார். கபர் ஒரே ராத்திரியில் நான்கு விரல் நீண்டிருந்தது. குழந்தைக்கும் கல்லுக்கும் நடுவே இப்போது எட்டு விரல்.

கமர் ஜஹான் மதில் ஓரம் போய் நின்றாள். நேற்று முருகையன் சொன்ன தெப்பக்குளத்துப் பந்தை நினைத்துப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னாள். “அவருக்கு இடது கை சுத்தமா வராது, சாச்சா. இடது கையால வீசினா பந்து பக்கத்து வூட்டு அடுப்புல போய் வுழும். ரெண்டு தடவை வுழுந்துது.”

சர்தார் குனிந்து பார்த்தார். “அரை விரல் பின்னால போச்சும்மா” என்றார், மழை நின்றுவிட்டது என்று சொல்கிற மாதிரி.

அவளுக்குத் தெரிந்த தோல்விகள் அவ்வளவுதான். மிச்சம் பார்த்தவர்களிடம் இருந்தது. அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் புர்க்காவைப் போட்டுக்கொண்டு, கையில் இஞ்ச் டேப்போடு கமர் ஜஹான் மைதானத்துக்குள் நடந்தாள். இருபத்து மூன்று ஆண்களும் பதறி எழுந்தார்கள்.

“உக்காருங்க. இத்தினி வருஷமா என் புருஷனை இழுத்து இழுத்து நீட்டிட்டீங்க. எனக்கு அந்தக் குட்டை ஆளு வேணும். திருப்பிக் குடுங்க.”

“அண்ணி, நாங்க இன்னா தப்பு பண்ணோம்?” என்றான் முருகையன். “பெருமையாத்தானே பேசிக்கினு கீறோம்?”

“அந்தப் பெருமைதான் என் பொண்ணு மேல ஏறப் போவுது. நாலு விரல் நீ ஒருத்தனே ஏத்தினது. அவரு கோட்டை விட்டதைச் சொல்லுங்க. ஆளுக்கு ஒண்ணு.”

செத்த மனுஷனைக் குறை சொல்ல யாருக்கும் நாக்கு வரவில்லை. மதிலுக்கு மேலே சர்தாரின் தலை தெரிந்தது, காத்துக்கொண்டிருந்தது. கடைசியில் ரகுபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு ஆரம்பித்தார், பார்க்காமல் சொன்னால் பாவம் குறையும் என்பதுபோல. “ஒரு தடவை தும்மிண்டே போட்டான். பந்து ரெஃப்ரி மண்டையில.” சர்தார் தலை மறைந்து திரும்பத் தோன்றியது. “ரெண்டு விரல்!” அப்புறம் முருகையன். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியதை மறந்து பாய் தன் அணியின் கூடையிலேயே பந்தைப் போட்டுவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினாராம். “எதிர்க் கட்சிக்காரனே கை தட்டினான் அண்ணி!” சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “ஆறு விரல்!” என்றார் சர்தார். பிறகு யாரும் நிற்கவில்லை. டிராயர் நாடா அறுந்தது, தானே போட்ட முடிச்சில் கட்டை விரல் சிக்கியது, உயரமான ஒருவனின் காலிடுக்கில் புகுந்து வெளியே வர முடியாமல் நின்றது. மனிதர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், மதிலுக்கு மேலே விரல்கள் குறைந்துகொண்டே வந்தன.

ஆறரை அடியில் கல் நின்றுவிட்டது. இன்னும் ஒன்பது அங்குலம். எல்லோரிடமும் சரக்கு தீர்ந்துபோயிற்று. கமர் ஜஹான் அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த வலியுல்லாவைப் பார்த்தாள். சிப்பாய்களை ஜெயித்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்துல் கஃபார் அவளிடம் சொன்ன ஒரு விஷயம் இருந்தது. அவளே சொல்லியிருக்கலாம். ஆனால் அது பார்த்தவர் சொல்ல வேண்டியது.

“அந்தக் கடைசிக் கூடை” என்றார் வலியுல்லா. குரல் மதில்வரைகூட எட்டவில்லை. “அது கூடைக்குப் போட்ட பந்தே இல்ல. எனக்குப் போட்டாரு. நான் வளையத்துக்குக் கீழே கையை விரிச்சுக்கினு நின்னேன். வார் விரல்ல மாட்டி, பந்து வழுக்கி மேல போயிடுச்சு. ஜனம் தூக்கிக்கினு ஆடுது, அவரு தோள் மேலேர்ந்து குனிஞ்சு எங்காதுல சொல்றாரு, ‘மாஃப் கரோ வலி, தப்பாப் போயிடுச்சு’ன்னு. மூணு வருஷமா நான் சொல்லல. நீங்கல்லாம் அதை வெச்சுக்கினுதானே இருந்தீங்க.”

முருகையன் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். “அட, பாய்” என்றான். ஜெயித்துவிட்டு மன்னிப்புக் கேட்ட ஆள். சர்தார் இந்தத் தடவை விரல் எண்ணிக்கை சொல்லவில்லை. “அஞ்சே முக்கால்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாம் போய்விட்டதே, இனி எதைப் பேசுவது என்று பயந்தது போல இருபத்து மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது ரகுபதி, “ஆத்துல எப்படி இருப்பான்?” என்று மெதுவாகக் கேட்டார். பரணிலிருந்து ஊறுகாய் ஜாடியை எடுக்க அவர் முக்காலி போட்டு ஏறுவார், அப்படியும் எட்டாது, எட்டிக் குதிப்பார் என்று கமர் ஜஹான் சொன்னாள். அதை அவர்கள் மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்கள்.

அதன்பிறகு வியாழக்கிழமைகளில் ஒரு வழக்கம் வந்தது. யாராவது ஒரு வீரத்தைச் சொன்னால், உட்காருவதற்கு முன் கோட்டை விட்டது ஒன்றையும் சொல்ல வேண்டும். சுதந்திரம் வந்தது, வலை வந்தது, வார் இல்லாத பந்துகூட வந்தது. அளவு நிலையாக நின்றது. ஆசை மிகுந்து யாராவது உளறிவிட்டால் கல் ஒரு விரல் போகும், மறுவாரம் திரும்பி வரும். கமர் ஜஹான் முன்வரிசையில் உட்காருவாள், அவளைப் பார்த்து மற்ற வீட்டுப் பெண்களும் வர ஆரம்பித்தார்கள்.

1949 ஜூனில், அவர் இறந்த நாளன்று, கமர் ஜஹான் எழுந்து ஒரு கதை சொன்னாள். மகள் பிறந்த ஏழாம் நாள் அப்துல் கஃபார் அவளைப் பந்துபோல ஒற்றைக் கையில் ஏந்தி, மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தார் என்றாள். குழந்தை கைகொட்டி வாய்விட்டுச் சிரித்தது என்றாள். ஏழு நாள் குழந்தை கைகொட்டிச் சிரிக்காது என்பது அங்கிருந்த அத்தனை பெண்களுக்கும் தெரியும். ஒருவரும் கோட்டை விட்டதைக் கேட்கவில்லை. மறுநாள் சின்னக் கபர் வடக்கே, அப்பாவின் காலைப் பார்த்து, இரண்டு விரல் நீண்டிருந்தது. சர்தார் டேப் கேட்டு வரவில்லை. புது இடத்துக்கு ஒரு கூடை மண் கொண்டுவந்து போட்டு, தண்ணீர் தெளித்து, கையால் தட்டிச் சமன் செய்தார்.